ஊடகம் நம்மை எவ்வளவு மாற்றுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடகவியல் படிக்கிற மாணவர்களும், பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற பெற்றோர்களும், தேர்தல் நேரத்தில் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு நாலு வரியிலும் பதில் சொல்லியிருக்கிறேன்.

“டிவியும் செல்போனும் சனங்களைக் கெடுத்துவிட்டன” என்கிறார்களே, இது நிரூபிக்கப்பட்டதா?

இப்படி மொட்டையாகச் சொன்னால் அதை நிரூபிக்கவும் முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது. யாரை மாற்றியது, எந்த விஷயத்தில், எவ்வளவு, யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அப்படித் தெரிகிறது? இந்த நாலுக்கும் பதில் இருந்தால்தான் அது ஆராயக்கூடிய கேள்வி ஆகும். இதில் நாலாவதுதான் உயிர். டிவி பார்த்தவர்கள் மாறிவிட்டார்கள் என்றால், அதே காலத்தில் டிவி பார்க்காதவர்கள் மாறாமல் இருந்தார்களா? இதைக் கேட்காமல் சொல்லப்படுகிற எந்தத் தாக்கக் கதையையும், அது ஊடகத்தைத் திட்டினாலும் சரி புகழ்ந்தாலும் சரி, நான் ஏற்றுக்கொள்வதில்லை.

அதிகம் டிவி பார்ப்பவர்களிடம் ஒரு சர்வே எடுத்தால் தெரிந்துவிடாதா?

சர்வே வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. சண்டைப் படம் அதிகம் பார்க்கிற பையன்கள் பள்ளியில் அதிகம் சண்டை போடுகிறார்கள் என்று சர்வேயில் வருகிறது என்று வையுங்கள். படம் பார்த்ததால் சண்டை போடுகிறானா, சண்டைக் குணம் உள்ளவன் அந்த மாதிரிப் படத்தைத் தேடிப் போகிறானா, இல்லை வீட்டில் கவனிக்க ஆள் இல்லாததால் இரண்டும் சேர்ந்து நடக்கிறதா என்று அந்த சர்வே சொல்லாது.

நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவமனையில் இருந்தார். அவர் அங்கே இருக்கிற வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பிரச்சாரத்துக்கே வராத அவர் ஆண்டிபட்டியில் ஜெயித்தார், கட்சியும் ஆட்சியைப் பிடித்தது. வீடியோதான் ஜெயிக்க வைத்தது என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் அக்டோபர் 31-ம் தேதிதான் இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார், அந்த அனுதாபம் இருந்தது, காங்கிரஸ் கூட்டணி இருந்தது, தலைவர் உடம்பு சரியில்லை என்ற கவலை வீடியோ இல்லாமலேயே இருந்தது. வீடியோ போன ஊர்களையும் போகாத ஊர்களையும் தனித்தனியாகக் கணக்கெடுத்திருந்தால் ஏதாவது சொல்லலாம். இல்லாதவரை அது ஒரு நல்ல கதை, அவ்வளவுதான்.

அப்படியானால் காரணத்தை எப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்?

ஒரு வழி, ஆய்வகச் சோதனை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சின்னக் குழந்தைகளை வைத்து இதைச் செய்தார். பெரியவர் ஒருவர் ஊதிய பொம்மையை அடிப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள், சில குழந்தைகள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அதே அடியை, அதே வார்த்தையோடு திருப்பிச் செய்தார்கள். 1963-ல் நேரில் காட்டுவதற்குப் பதில் படமாகக் காட்டியும் பார்த்தார், விளைவு கிட்டத்தட்ட அதேதான். இதில் காரணம் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை ஒரு அறைக்குள் அடிப்பது வேறு, தெருவில் இன்னொரு பிள்ளையை அடிப்பது வேறு என்ற ஆட்சேபமும் நியாயமானதுதான்.

இன்னொரு வழி, வாழ்க்கையே நடத்திக் காட்டுகிற சோதனையைப் பிடித்துக்கொள்வது. கனடாவில் ஒரு சிற்றூர் பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டிவி சிக்னல் எட்டவில்லை. சிக்னல் வரப்போகிறது என்று தெரிந்ததும் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் குழு முன்கூட்டியே போய் அளந்தது, இரண்டு வருடம் கழித்து மறுபடி போய் அளந்தது. பக்கத்தில் ஏற்கெனவே ஒரே ஒரு சேனல் உள்ள ஊரையும் பல சேனல் உள்ள ஊரையும் சேர்த்து அளந்தார்கள். டிவி வந்த ஊரில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளின் அடிதடியும் ஏச்சும் கூடியது, ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் வருகிறவர்கள் குறைந்தார்கள். மூன்று ஊரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, ஆனாலும் “முன்னால், பின்னால், பக்கத்து ஊரில்” என்ற இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

சீரியல்களால் நம் பெண்கள் கெட்டுப்போகிறார்களா?

கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஆண்கள் பார்க்கிற செய்தி விவாதங்களைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனாலும் இதற்கு நல்ல ஆய்வு இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்டது அது. 2001 முதல் 2003 வரை பீகார், கோவா, ஹரியானா, தமிழ்நாடு, டெல்லி ஆகிய இடங்களில் 180 கிராமங்களில் ஒரே குடும்பங்களை மூன்று தடவை போய்ப் பார்த்துக் கேள்வி கேட்ட தரவு அவர்களிடம் இருந்தது. அந்த மூன்று வருடத்துக்குள் 21 கிராமங்களுக்குப் புதிதாகக் கேபிள் வந்தது. ஆக, கேபிள் வந்த கிராமம், வராத கிராமம், வருவதற்கு முன், வந்த பின் என்று நாலு பக்கமும் ஒப்பிட முடிந்தது. கேட்ட கேள்விகள் ரொம்ப நேரடியானவை: புருஷன் பெண்டாட்டியை அடிப்பது எந்தெந்தச் சூழ்நிலையில் சரி? அடுத்த குழந்தை ஆணாக இருக்க வேண்டுமா? சந்தைக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமா?

கேபிள் வந்த கிராமங்களில் அடிப்பது சரி என்று சொல்வது குறைந்தது, ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியது, கர்ப்பங்களும் குறைந்தன. அந்தக் கால சீரியல்கள் நகரத்தில் வாழ்கிற, படித்த, வெளியே போய்வருகிற பெண்களைக் காட்டியதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

சரி, இதோடு விஷயம் முடிந்ததா என்றால் இல்லை. “அடிப்பது தப்பு” என்று சர்வேக்காரரிடம் சொல்வது கூடியிருந்தால், வீட்டில் அடி குறைந்துவிட்டது என்று அர்த்தமா, இல்லை எதைச் சொல்வது மரியாதை என்று கற்றுக்கொண்டார்களா? இதை ஆய்வாளர்களே எழுப்பினார்கள். பிறகு வேறு ஆட்கள் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, பெண்களின் சுதந்திரத்தை அளந்த விதத்தையே கேள்வி கேட்டார்கள். இப்படி ஒருவர் கண்டதை இன்னொருவர் கிண்டிப் பார்ப்பதுதான் இந்தத் துறை நடக்கிற விதம், இதைப் பார்த்து ஆராய்ச்சியையே நம்பக்கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிரேசிலிலும் இதே போல ஒன்று வந்தது. குளோபோ தொலைக்காட்சி அந்த நாட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு வருடத்தில் போய்ச் சேர்ந்தது, சேர்ந்த இடங்களில் பெண்கள் பெற்றுக்கொள்ளும் குழந்தைகள் குறைந்தன. குளோபோவில் ஓடிய தொடர்களின் ஐம்பது வயதுக்குட்பட்ட முக்கியப் பெண் பாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்குக் குழந்தையே இல்லை, 21 சதவீதம் பேருக்கு ஒன்றுதான். குடும்பக் கட்டுப்பாடு பற்றி யாரும் வசனம் பேசி உபதேசிக்கத் தேவை இருக்கவில்லை.

ஊடகம் நேராக ஆளை மாற்றுகிறதா, நடுவில் வேறு யாராவது இருக்கிறார்களா?

நடுவில் ஆள் உண்டு. 1940-ல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் பால் லாசர்ஸ்பெல்டின் குழு, ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அதிபர் தேர்தலை ஒட்டி 600 பேரை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தது. பிரச்சாரம் மனசை மாற்றுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்று போனவர்களுக்கு ஏமாற்றம்தான்: ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவியவர்கள் 8 சதவீதம் போலத்தான். பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சாரம் ஏற்கெனவே இருந்த சாய்வை உறுதிப்படுத்தியது. பத்திரிகையையும் ரேடியோவையும்விட, அவற்றை நன்றாகக் கவனித்துவிட்டு வந்து பேசுகிற அக்கம்பக்கத்து ஆட்கள்தான் மற்றவர்களை அதிகம் அசைத்தார்கள். ஊடகத்திலிருந்து அவர்களுக்கு, அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு என்று கருத்து போகிற இதற்குத்தான் இரண்டு படி ஓட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் புரிய வைக்க ஓஹியோவுக்குப் போக வேண்டியதில்லை. 1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது, குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதைப் பற்றி விடாமல் பேசியது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் ரேடியோ மட்டுமா பரப்பியது? அந்த மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, கிராம சேவக் என்ற அரசின் கிராமப் பணியாளர் வந்து போனார், விதையும் உரமும் கடனும் கிடைத்தன, அப்புறம் பக்கத்து வயல்காரர் போட்டு அறுத்துக் காட்டினார். ரேடியோ காதில் போட்டது, பக்கத்து வயல் நம்பிக்கை கொடுத்தது. விதை கடையில் இல்லாத ஊரில் அதே ஒலிபரப்பு எவ்வளவு இனிமையாக இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

டீக்கடையும் இதே வேலையைச் செய்கிறது. ஒருவர் தலைப்புச் செய்தியைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் “அதெல்லாம் கட்டுக்கதைப்பா” என்று மடக்க, வாசிக்கத் தெரியாதவரும் அதில் கருத்துச் சொல்லிவிட்டுப் போவார். பிரான்சிஸ் கோடி என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டு டீக்கடைகளில் பத்திரிகை எப்படி வாசிக்கப்படுகிறது என்றே ஆராய்ந்திருக்கிறார். விற்ற பிரதி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பத்திரிகையின் வீச்சைக் கணக்குப் போட்டால் நம் ஊரைப் புரிந்துகொள்ளவே முடியாது.

அப்படியானால் தேர்தலில் ஊடகத்துக்குப் பெரிய வேலை இல்லையா?

இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. 1968-ல் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் அமெரிக்காவின் சேப்பல் ஹில் என்ற ஊரில் யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம், நாட்டில் முக்கியமான பிரச்சினை எது என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், அவர்கள் படிக்கிற பத்திரிகைகளும் பார்க்கிற டிவி செய்தியும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்று எண்ணினார்கள். வெளியுறவு, சட்டம் ஒழுங்கு, நிதி, மக்கள் நலம், குடியுரிமைகள் என்ற வரிசை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைவிட, எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்ற கருத்து இங்கிருந்து வளர்ந்தது.

ஓட்டே மாறுவதையும் அளந்திருக்கிறார்கள். குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த பாக்ஸ் நியூஸ் என்ற செய்தி சேனல் 1996-ல் தொடங்கியபோது அமெரிக்காவின் சில ஊர்க் கேபிளில் வந்தது, சிலவற்றில் வரவில்லை. டெல்லாவிக்னா, கப்லான் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, வந்த ஊர்களில் 2000-ம் ஆண்டுக்குள் குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. சின்ன எண்தான், ஆனால் அந்த வருடத் தேர்தல் புளோரிடாவில் சில நூறு ஓட்டில் முடிந்தது.

ரேடியோ கேட்டு அமெரிக்காவே பயந்து ஓடியதாமே?

1938 அக்டோபர் 30 இரவு, செவ்வாய்க் கிரகத்தினர் படையெடுத்து வந்ததாகச் செய்தி பாணியில் ஒலிபரப்பான சி.பி.எஸ். வானொலி நாடகத்தைத்தான் சொல்கிறீர்கள். மறுநாள் பத்திரிகைகள் நாடே கலங்கியது போல எழுதின. ஆனால் அன்று இரவு நடந்த ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பில் 2 சதவீதம் பேர்தான் அந்த நிகழ்ச்சியைக் கேட்டதாகத் தெரிந்தது. ஹேட்லி காண்ட்ரில் என்ற உளவியலாளர் இதைப் பற்றிப் பேட்டி எடுத்த 135 பேரில் பெரும்பாலோர், பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பயந்தவர்கள் இருந்தார்கள், அது உண்மை, ஆனால் பயந்தவர்களை மட்டும் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு ஊரே பயந்தது என்று சொல்ல முடியாது. ரேடியோ அப்போது பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்குப் போட்டி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெறுப்பைப் பரப்பும் ஊடகம் உண்மையிலேயே கொலை வரை கொண்டுபோகுமா?

போகும், ஆனால் தனியாக அல்ல. ருவாண்டாவில் 1994-ல் டுட்சி மக்களைக் கொன்று குவித்தபோது ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி வெறுப்பை ஊட்டிக்கொண்டே இருந்தது. அதன் நிறுவனர்களில் இருவரை 2003-ல் ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் தண்டித்தது. மலைகள் நிறைந்த நாடு என்பதால் சில கிராமங்களுக்குச் சிக்னல் கிடைத்தது, மலை மறைத்த கிராமங்களுக்குக் கிடைக்கவில்லை. டேவிட் யானகிசாவா-ட்ராட் இதை வைத்துக் கணக்கிட்டு, வன்முறையில் பங்கேற்றதில் சுமார் 10 சதவீதத்துக்கு அந்த வானொலி காரணம் என்றார். கொலையில் ஈடுபட்டவர்களைச் சிறையில் பேட்டி எடுத்த ஸ்காட் ஸ்ட்ராஸ், ரேடியோவைவிட வீடு தேடி வந்து கூப்பிட்ட ஆட்களின் நெருக்குதல்தான் பெரிது என்றார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே நாட்டில் எலிசபெத் லெவி பாலக் செய்தது எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமாகப் படுகிறது. சில குழுக்கள் ஒரு வருடம் சமாதானம் பற்றிய ரேடியோ நாடகத்தைக் கேட்டன, சில குழுக்கள் உடல்நலம் பற்றிய நாடகத்தைக் கேட்டன. சமாதான நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் “இங்கே எல்லாரும் எப்படி நடந்துகொள்கிறார்கள், எது சரி என்று நினைக்கிறார்கள்” என்ற எண்ணம் மாறியது, நடத்தையும் அதோடு கொஞ்சம் நகர்ந்தது. கூட்டமாக உட்கார்ந்து கேட்டதும் இதில் ஒரு பங்கு.

வாட்ஸ்அப் வதந்தியையும் இப்படி ஆராய முடியுமா?

கஷ்டம். குழுக்களுக்குள் என்ன போகிறது என்பது வெளியே தெரியாது. 2018 மே மாதம் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வதந்தி சுற்றிக்கொண்டிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் கும்பல் தாக்கி 65 வயது பெண்ணைக் கொன்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதுதான் சந்தேகத்துக்குக் காரணம். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வைத்தது.

ட்விட்டர் (இப்போது எக்ஸ்) போலத் திறந்த இடங்களில் எண்ண முடிந்தது. 2018-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளைப் பார்த்தார்கள். பொய், உண்மையைவிட 70 சதவீதம் அதிக வாய்ப்போடு மறுபகிர்வு ஆனது, அதைச் செய்தது பெரும்பாலும் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்.

தற்கொலைச் செய்திகளை விலாவாரியாகப் போடக்கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, இந்தத் துறையிலேயே மிக வலுவான ஆதாரங்களில் ஒன்று. 1980களில் வியன்னா சுரங்க ரயிலில் தற்கொலைகள் கூடின, பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. 1987 நடுவில் நிபுணர்கள் எழுதும் முறைக்கு வழிகாட்டுதல் கொடுத்தார்கள், பத்திரிகைகள் கேட்டுக்கொண்டன, அரை வருடத்துக்குள் அங்கே நடந்தவை முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன, பிறகும் ஏறவில்லை. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் இதே மாதிரி வழிகாட்டுதலை ஏற்றது. ஆனாலும் தேர்வு முடிவு நாட்களில் நம் சேனல்கள் சில செய்வதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. எப்படி நடந்தது என்ற விவரத்தைத் தவிர்ப்பதும், உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வதும் செலவில்லாத காரியங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

டி.ஆர்.பி. என்பதும் ஊடக ஆராய்ச்சிதானே?

எந்த வீட்டில் எந்த சேனல் ஓடியது என்ற அளவு அது, விளம்பரக் கட்டணம் பேசுவதற்காக. பார்த்தவர் என்ன நினைத்தார், பார்த்தாரா இல்லை சமைத்துக்கொண்டிருந்தாரா என்பதெல்லாம் அதில் வராது.

கல்லூரி மாணவி நான். காசில்லாமல் உருப்படியாக ஒரு ஆய்வு செய்ய முடியுமா?

தாராளமாக. உள்ளடக்கப் பகுப்பாய்வில் தொடங்குங்கள். இரண்டு தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பற்றிய செய்திகளில் அவர்கள் பேசுகிறவர்களாக வருகிறார்களா, பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் வருகிறார்களா என்பது போல ஒரே ஒரு கேள்வியை வையுங்கள். பிறகு எண்ணுவதற்கான விதியை எழுதுங்கள். இங்கேதான் எல்லாருக்கும் தகராறு வரும்: புகைப்படத்தில் மட்டும் இருக்கிற பெண் கணக்கில் உண்டா? பேட்டி கொடுத்த பெண் போலீஸ் அதிகாரி எந்தப் பெட்டியில் வருவார்? “மாணவி மாயம், தாய் கதறல்” என்ற தலைப்பில் தாய் பேசுகிறவரா, பாதிக்கப்பட்டவரா? இதையெல்லாம் விதியில் எழுதிவிட்டு, அதே பக்கங்களை உங்கள் தோழியிடம் கொடுத்து, நீங்கள் போட்ட குறிகளைக் காட்டாமல் அவரையும் எண்ணச் சொல்லுங்கள். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் தப்பு தோழியிடம் இல்லை, விதியில் இருக்கிறது, திருத்தி எழுதிவிட்டு முதலிலிருந்து எண்ணுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பத்திரிகையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இப்போது கண்டுபிடித்திருக்கிறீர்கள், வாசகரை அது என்ன செய்தது என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு வாசகர்களிடம் போக வேண்டும், போகும்போது சம்மதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். பேஸ்புக் 2012-ல் 6,89,003 பேரின் பக்கத்தில் வரும் பதிவுகளைச் சொல்லாமல் மாற்றி அவர்கள் மனநிலையை அளந்தது. 2014-ல் அது வெளியே வந்தபோது, கிடைத்த விளைவு மிகச் சிறியதாக இருந்தும் எழுந்த கோபம் நியாயமானது. உங்கள் ஆய்வு இருபது பேரோடு நடந்தாலும், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள், பெயரை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள்.